இரண்டு பக்கமும் தலை

அந்தத் தெருவில் பதக்கம் அடிக்கிறவர் அவர் ஒருவர்தான். தெருவே அவரைச் சக்கரவர்த்தி என்று கூப்பிட்டது. மரியாதையாக வைத்த பேர் என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆளைப் பார்த்துச் சக்கரவர்த்தி என்று யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. ஒல்லி உடம்பு. முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. நெற்றிமேல் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே கடை முழுக்க அதைத் தேடுவார். ஆனால் யாராவது எதிரே வந்து பேச ஆரம்பித்தால், மனிதர் மெல்ல முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாயை லேசாகத் தூக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். புதிதாக வருகிறவர்கள் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து அக்கறையாக விசாரிப்பார்கள். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர், "சார், நேரா பாருங்க சார்" என்று கெஞ்சிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் தானே வந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துத் திருப்பி வைத்தார். அப்போதும் படத்தில் கண் மட்டும் ஓரமாக ஓடியிருக்கிறது.

இத்தனைக்கும் காரணம் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய ரோமாபுரி வெள்ளிக் காசுகள். அந்தக் காசுகளில் எத்தனையோ சக்கரவர்த்திகளின் தலைகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே பக்கவாட்டுத் தலைகள், அதிலும் பெரும்பாலானவை வலது பக்கம் பார்த்தவை. நம்மை நேருக்கு நேராகப் பார்க்கிற முகம் அபூர்வம். பெரிய மனிதர்கள் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை என்று நம்முடையவர் முடிவு கட்டிவிட்டார்.

காசுமேல் இந்தக் காதல் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. அதுவரை பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்கு ஓடுகிற மனிதனையும், சங்க ஆண்டு விழாக்களுக்குக் குத்துவிளக்கையும் அடித்துக் கொடுத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். ஒருநாள் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பார்க்க வருகிறவர்கள் வாங்கிப்போகப் பழங்காசுகளின் நகல்கள் வேண்டுமாம். மாதிரிக்கு என்று வெள்ளைச் சாந்தில் வார்த்த பிரதிகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினார்கள். முதல் பிரதியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அதற்குள் ஒரு ராஜாவின் கழுத்து மடிப்பு, வளைந்த மூக்கு, உதட்டோரச் சுளிப்பு எல்லாம் இருந்தன. உலகத்தையே ஆண்ட மனிதருக்குத் தாடைக்குக் கீழே தொங்குகிற சதையைக்கூட அச்சு வெட்டியவன் விட்டுவைக்கவில்லை. "என்ன நெஞ்சழுத்தம் பாரு அவனுக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வேறொரு உலகம். கையில் தராசு வைத்திருக்கிற ஒரு தேவி. பாம்புக்குத் தட்டில் எதையோ ஊட்டுகிற இன்னொரு தேவி. நங்கூரத்தைச் சுற்றிக்கொண்ட ஒரு டால்பின். நாலு குதிரை பூட்டிய தேர். தும்பிக்கையைத் தூக்கிய யானை.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரானது ஒன்று. அதன் பின்பக்கம் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு பட்டறைக்கல், ஒரு சுத்தியல், ஒரு இடுக்கி. காசு அடிக்கிறவனின் சாமான்களையே காசில் அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவருக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. மனைவி கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"சாமானெல்லாம் இருக்கு. ஆளைக் காணோமே?"

"ஆள் எதுக்கு? சாமானைப் போட்டா ஆளைப் போட்ட மாதிரிதானே?"

"ஓகோ" என்று சொல்லிவிட்டு அவள் ரிப்பன் கட்டப் போய்விட்டாள். அந்த ஓகோவை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இங்கே அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டே அறை. முன்னறையில் மாதிரிப் பதக்கங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, சுவரோரம் ஒரு கம்பியில் கோத்த ரிப்பன் சுருள்கள், மனைவியின் நாற்காலி. வருகிறவர்களிடம் பேசுவது, எழுத்துப் பிழை பார்ப்பது, ரிப்பன் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவரைப் பேச விட்டால் ஓட்டப் பந்தயத்தில் ஆரம்பித்து ரோமாபுரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார், ஆர்டர் கொடுக்க வந்தவர் வீட்டுக்குப் போக வழி தெரியாமல் நிற்பார்.

பின்னறையில் பிரஸ். ஆள் உயரத்துக்கு வார்ப்பிரும்பு. மேலே ஒரு நீளமான கைப்பிடி, அதன் இரண்டு முனையிலும் இரும்புக் குண்டுகள். கைப்பிடியை இழுத்துச் சுழற்றினால் பெரிய திருகு இறங்கும். அதன் நுனியில் மேல் அச்சு, மேடையில் கீழ் அச்சு. இரண்டுக்கும் நடுவே வைத்த உலோக வில்லையில் ஒரே அழுத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் பதிந்துவிடும். பிரஸ்ஸுக்கு இடது பக்கம் ஒரு முக்காலி. அது மனைவியின் இடம். அவள் வில்லையை வைப்பாள், அவர் இழுப்பார், அவள் அடித்த பதக்கத்தை எடுப்பாள், அடுத்ததை வைப்பாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கை வெளியே வருவதற்குள் மேல் அச்சு இறங்கிவிட்டது. அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி அன்றைக்குத் தட்டையானது தட்டையானதுதான். அதிலிருந்து ஒரு ஏற்பாடு. வில்லையை வைத்துக் கையை எடுத்த பிறகு அவள் "ம்" என்பாள். அந்த "ம்" காதில் விழுந்த பிறகுதான் அவர் இழுப்பார். நாளெல்லாம் அந்த அறையில் கேட்கிற பேச்சு அவ்வளவுதான்: "ம்", ஒரு இரும்புச் சத்தம், "ம்", இன்னொரு இரும்புச் சத்தம்.

இன்னொன்றும் அவள் செய்வாள். அடித்த பதக்கம் சில நேரம் கீழே தங்காது. மேல் அச்சில் ஒட்டிக்கொண்டு மேலேயே போய்விடும். கீழே பார்த்தால் காலியாக இருக்கும், எடுத்தாகிவிட்டது போலிருக்கும். அவள் கீழே பார்க்கிற அதே பார்வையில் மேலேயும் பார்த்து, ஒட்டியிருந்தால் ஒரு மரக்குச்சியால் தட்டிவிடுவாள். இதை அவர் கவனித்ததே கிடையாது. அவர் பாட்டுக்கு "ம்" கேட்டால் இழுப்பார்.

சரி, காசுக்கு வருவோம். அருங்காட்சியக வேலை முடிந்தது, பைத்தியம் முடியவில்லை. நாளடைவில் நிஜமான ரோமாபுரிக் காசு ஒன்றையும் எங்கோ தேடிப் பிடித்து வாங்கிவந்தார். தேய்ந்து தேய்ந்து, ஒரு மூக்கும் பாதிக் காதும் மட்டும் மிச்சமிருந்த சக்கரவர்த்தி. மனைவி பார்த்துவிட்டு, "இதுக்கு என் ஜாக்கெட் பட்டன்ல டிசைன் தெளிவா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு ஊரில் பதக்கம் வாங்கியவர்களின் பாடு திண்டாட்டம். சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு நாலு குதிரைத் தேர் கிடைத்தது. அவன் பரிசு மாறி வந்துவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தான். ஓய்வுபெற்ற டாக்டருக்குப் பாம்புக்கு ஊட்டுகிற ஆரோக்கியத் தேவியை அடித்துக் கொடுத்தார். டாக்டருக்குப் பாம்பு என்றால் பயம். பதக்கத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்குமேல் வைத்திருப்பதாகக் கேள்வி. பாட்டுப் போட்டிக்கு யானை ஏன் என்று ஒரு தலைமையாசிரியை கேட்டதற்கு, "யானை எங்க போட்டாலும் கம்பீரம்தான்" என்று சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

ஒரு கல்யாண நாளன்று மனைவிக்குத் தெரியாமல் அவள் முகத்தையும் ஓர் அச்சில் வெட்டினார். ரோமாபுரி முறைப்படி, உள்ளது உள்ளபடி. மூக்கின் நடுவிலிருக்கிற மேடு, தாடைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு தாடை, ஒன்றையும் விடவில்லை. அவள் பூதக்கண்ணாடியை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சாணைச் சக்கரத்தில் வைத்து, மழுமழுவென்று தேய்த்து, கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். "இனிமே என் மூஞ்சியை இரும்புல பார்த்தேன்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் அவருக்கு அதிகக் கிலியாக இருந்தது.

வேலை நடுவில் அவர் அவளுக்குக் காசுக் கதைகள் சொல்வதுண்டு. அவற்றில் ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்தமானது. "கேளு, ரோமாபுரியில ஒரே வருஷத்துல நாலு பேர் மாத்தி மாத்திச் சிம்மாசனத்துல உக்காந்தாங்க. ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்டுக் கிடந்தாங்க. ஆனா அந்த வருஷத்துக் காசை எடுத்துப் பார்த்தா, ரெண்டு கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அண்ணன் தம்பி சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டைன்னா உடனே ஒற்றுமைத் தேவியை அடிச்சு விட்டுடுவாங்க. வீட்டுல எது இல்லையோ, அதைக் காசுல போடுறது." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

மாட்டிக்கொண்டது சகலையின் மூலமாக. அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், பூட்டுக்கடை வைத்திருக்கிறவர், கைத்தொழில் செய்கிறவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். ஒருநாள் காலையில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சகலை, இந்த வருஷம் சங்கத்துல உங்களுக்குத்தான் மரியாதை. வெள்ளியில ஒரு மெடல். வர்றவங்களுக்கு ஞாபகமா செம்புல ஆளுக்கு ஒண்ணு."

சக்கரவர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "யாருகிட்ட அடிக்கக் குடுத்திருக்கீங்க?"

சகலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல வேற யாரு இருக்கா?"

தனக்கான மரியாதையைத் தானே செய்துகொள்ளச் சொன்னால் வேறொருவர் கூச்சப்படுவார். இவர் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழ் அச்சில் தன் தலை, வலது பக்கம் பார்த்தபடி. நெற்றியைச் சுற்றி வெற்றி மாலை. இலைகள் சரியாக வழுக்கை ஆரம்பிக்கிற இடத்தில் ஆரம்பித்து, வழுக்கை முடிகிற இடத்தில் முடிந்தன. அடுத்தவர் தாடையில் ஒரு மடிப்பையும் விடாத அவருடைய நேர்மை, சொந்தத் தாடைக்கு வந்தபோது லேசாகக் கண்ணயர்ந்துவிட்டது. மேல் அச்சில், அதாவது பதக்கத்தின் பின்பக்கத்துக்கு, ஒற்றுமைத் தேவி. ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு கையில் தட்டும் மறு கையில் கனிகள் வழிகிற கொம்புமாக இருந்தாள். ஈயத்தில் ஒன்று அடித்துப் பார்த்து, ஆசை ஆசையாக மனைவியிடம் நீட்டினார்.

"முன்னாடி நீங்க" என்றாள்.

"ஆமா."

"தலையில என்ன தழை?"

"வெற்றி மாலை."

அவள் திருப்பினாள். "பின்னாடி இது யாரு?"

"அது நீதான்!" இந்த இடத்துக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"எது? இந்தத் தட்டை ஏந்திக்கிட்டு உக்காந்திருக்கிறதா?"

"பிச்சைத் தட்டு இல்ல, பூசைத் தட்டு. ஒற்றுமைத் தேவி. நம்ம குடும்பத்துக்கு நீ..."

"மூஞ்சியே இல்லையே இதுக்கு."

"சின்ன அளவு இல்லையா. அதோட, மூஞ்சி போட்டா நீ கோவிச்சுப்பே."

அவள் ஈயப் பதக்கத்தை மேசையில் வைத்தாள். "வீட்டுல எது இல்லையோ, அதைத்தான் காசுல போடுவாங்கன்னு சொன்னது நீங்கதானே?"

மனிதர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம். கோபத்தை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "பின்பக்கத்தைச் சும்மா விட முடியாதில்ல? ஏதாவது போட்டுத்தானே ஆகணும்?"

அவள் எழுந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பதக்கங்களுக்கு மிச்சமிருந்த ரிப்பன்களைக் கட்டி முடித்தாள். வேலையைப் பாதியில் விடுகிறவள் அவள் இல்லை. பிறகு மாடிக்குப் போய்த் தலை வாரிக்கொண்டு, ஒரு பையோடு இறங்கி வந்தாள்.

"ஏதாவது போட்டாகணும்னா வேற ஏதாவது போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தங்கை வீடு ஒன்றும் தூரம் இல்லை, பின் தெருதான். ஆனால் சக்கரவர்த்திக்கு அந்தத் தெரு ரோமாபுரியைவிடத் தூரமாகிவிட்டது. வேறு ஊரில் வேலையிலிருக்கிற ஒரே மகள் போன் செய்து, "அம்மாகிட்ட என்னப்பா சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க" என்றாள். அப்படியே சொன்னார். "அப்பா!" என்று ஒரு சத்தம், போன் வைக்கப்பட்டுவிட்டது. மனைவி இல்லாமல் விழாவுக்கு வர மாட்டேன் என்று சகலையிடம் சொல்லிவிட்டார். மேடையில் ஏறி நின்று, கீழே அவளைத் தேடிக் காணாமல், ஊர் கைதட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஹால் சொல்லியாச்சு சகலை, அழைப்பிதழ் போயாச்சு" என்று சகலை தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பாடும் சொல்லும்படி இல்லை. "அக்காவும் தங்கச்சியுமா உக்காந்து உங்களைத் திட்டுறாங்க. நீங்க அங்க இல்லாததால எல்லாம் என்மேல விழுது. நான் பூட்டுதானே செய்யறேன், என்னை எதுக்கு இழுக்கிறீங்கன்னு கேட்டா, ஆம்பளைங்க எல்லாம் ஒரே அச்சுங்கிறாங்க."

விழாவுக்கு முந்தின நாள் வந்தது. அவள் வருகிறாளோ இல்லையோ, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தாக வேண்டுமே. சக்கரவர்த்தி தனியாகப் பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். வில்லையைத் தானே வைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். கை இழுக்கவில்லை. என்ன இது என்று பார்த்தால், "ம்" வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும்; கைக்குத் தெரியவில்லை. தானே "ம்" என்று சொல்லிப் பார்த்தார். அதைக் கை மதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருவழியாக இழுத்தார்.

வைக்க வேண்டும், சுற்றி வந்து இழுக்க வேண்டும், மறுபடி சுற்றி வந்து எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. நாலைந்து செம்புப் பதக்கம் அடிப்பதற்குள், எடுத்தோமா வைத்தோமா என்றே மறந்துபோக ஆரம்பித்தது. கீழே பார்ப்பார், காலியாக இருக்கும், சரி எடுத்துவிட்டோம் என்று அடுத்ததை வைப்பார். உடம்பில் தெம்பு இருக்கும்போதே முக்கியமானதை முடித்துவிடலாம் என்று சங்கம் கொடுத்த ஒரே வெள்ளி வில்லையை எடுத்தார். கீழே காலியாக இருந்தது. வைத்தார். இழுத்தார்.

சத்தமே சரியில்லை. திருகைத் தூக்கி, வெள்ளியை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம் அவர் தலை, வெற்றி மாலையோடு கச்சிதமாக இருந்தது. திருப்பினார். பின்பக்கமும் அவர் தலை. ஆனால் மேடாக இல்லை, உள்ளே குழிந்து, வலமிடமாக மாறி இருந்தது. ஒற்றுமைத் தேவியைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மேல் அச்சில் ஒரு செம்புப் பதக்கம் அட்டைப் பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னே அடித்தது கீழே தங்காமல் மேலே ஒட்டிப் போயிருக்கிறது. தேவியை அது மறைத்துவிட்டது; அதிலிருந்த அவர் தலையே வெள்ளியில் குழியாக இறங்கிவிட்டது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம் என்றால் நம்ப மாட்டீர்கள். ரோமாபுரிப் பட்டறைகளிலும் இதே தப்பு நடந்திருக்கிறது. அவசரத்தில் முந்தின காசு மேலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த காசில் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் குழியாகவும் ஒரே ராஜா விழுந்திருக்கிறார். அப்படி ஒரு காசைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைசியில் அவர் தலையே அப்படி வந்திருக்கிறது! தலைகால் புரியவில்லை.

"இங்க பாரேன்!" என்று இடது பக்கம் திரும்பி நீட்டினார்.

முக்காலி காலியாக இருந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. அப்புறம்தான் அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. அந்தக் காலத்திலும் அடிக்கிறவன் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து வைத்தும் எடுத்தும் கொண்டிருந்திருப்பார். ராஜா தலை சரியாக விழுந்த ஒவ்வொரு காசும் அந்தக் கை சரியாக வேலை செய்த காசு. அதில் அந்தக் கை தெரியாது. அது தவறிய காசில்தான் அப்படி ஒரு கை இருந்ததே தெரியும். முப்பது வருஷமாக இந்தப் பிரஸ்ஸில் இப்படி ஒன்று விழுந்ததில்லை. தான் ரொம்பச் சுத்தமாக அடிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "ஆளைக் காணோமே" என்று அவள் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது. அவள் இருந்தவரை அவளைப் பார்க்கவே தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கடையைச் சாத்தக்கூட இல்லை. வெள்ளியைக் கைக்குள் மூடிக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தார்.

தங்கை வீட்டு முன்னறையில் அக்காவும் தங்கையும் ஒரு ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். சகலை மூலையில் ஒரு பூட்டை ரிப்பேர் பார்க்கிற சாக்கில் இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சக்கரவர்த்தி வாசலில் நின்றார். கையை மட்டும் நீட்டினார்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, வெள்ளியை வாங்கினாள். ஒரு தரம் பார்த்தாள், திருப்பினாள், அந்தத் தட்டையான விரலால் குழியைத் தடவினாள். அவ்வளவுதான்.

"மேல ஒட்டிக்கிச்சா?"

"ம்."

"கீழ காலியா இருந்ததும் எடுத்துட்டோம்னு நினைச்சுட்டீங்க."

"ம்."

"மேல பார்க்கணும்னு தோணவே இல்ல."

"அது நீ பார்க்கிறதுன்னே எனக்குத் தெரியாதே" என்றார். இந்த முறை சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "நீ பக்கத்துல இல்ல. ரெண்டு பக்கமும் நானே விழுந்து கிடக்கேன்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகத் தைத்தாள். ஊசியில் நூலே இல்லை. சகலை பூட்டைக் கீழே போட்டார்.

"உன் மூஞ்சியைப் போடட்டுமா? வேற அச்சு வெட்டறேன். தாடையெல்லாம் இல்லாம..."

"ஒண்ணும் வேணாம். உங்க தாடையை எவ்வளவு செதுக்கி எடுத்திருக்கீங்கன்னு பார்த்தேனே." அவள் மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்தாள். உதட்டோரம் என்னமோ அசைந்தது. "உள்ள குழிஞ்ச மூஞ்சிதான் உங்களுக்கு நல்லா இருக்கு."

"சகலை, வெள்ளி இது ஒண்ணுதானே வாங்கினோம். நாளைக்கு விழா. இப்ப என்ன பண்றது?" என்று மூலையிலிருந்து சகலை தவித்தார்.

"இதைத்தான் போட்டுக்குவாரு" என்றாள் அவள். "தட்டு ஏந்துற அம்மா செம்புல ஊருக்கெல்லாம் போகட்டும். இது எங்களோடது." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "செம்பு எத்தனை பாக்கி? அதையும் இப்படி அடிச்சு வச்சிருக்கீங்களா?"

அன்றைக்கு மீதி செம்பெல்லாம் வழக்கம்போல் அடித்து முடித்தார்கள். இரண்டு தடவை மேலே ஒட்டியது, இரண்டு தடவையும் மரக்குச்சி தட்டியது. இந்தத் தடவை அவர் பார்த்தார்.

விழாவில் சங்கத் தலைவர் பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று திருப்பினார். முகம் மாறிவிட்டது. மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, "பின்னால குழியா இருக்கே, தப்பா விழுந்திருச்சா?" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது.

சக்கரவர்த்தி மைக்கை வாங்கினார். சகலை சாப்பாட்டு அறைப் பக்கம் பார்த்தார். ரோமாபுரி ஆரம்பமானால் சாப்பாடு ஆறிவிடும். ஆனால் அவர் பக்கவாட்டில் திரும்பவில்லை. கூட்டத்தில் ஓர் இடத்தை நேராகப் பார்த்தார்.

"தப்புதாங்க. அடிக்கிறப்போ இவ பக்கத்துல இல்ல." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹாலே கைதட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாலையெல்லாம் போட்டுக்கிட்டுத் தலைமுடி வாராம வந்திருக்காரு பாரு" என்று தங்கையிடம் சொன்னாள்.

மறுநாள் காலை அந்தப் பதக்கத்தைப் பிரஸ்ஸுக்கு நேரே சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். அவர் வந்து பார்த்துவிட்டு, "திருப்பி மாட்டிட்டியே, குழி வெளியே தெரியுது" என்றார்.

"இதுதான் நேர்" என்றாள்.

தள்ளி நின்று பார்த்தார். வெளிச்சம் பட்டதும் குழிந்த முகம் குழியாகவே தெரியவில்லை, மேடாக எழுந்து நின்றது. வலமிடம் மாறிப்போனதால் அந்தத் தலை வலது பக்கம் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இடது பக்கம், முக்காலி இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் முக்காலியில் உட்கார்ந்து, வில்லையை வைத்து, மேலே ஒரு பார்வை பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்.

"ம்" என்றாள் அவள். அவர் இழுக்கவில்லை.

"ம்முங்கிறேன் இல்ல?"

இழுத்தார்.